இடி இடித்தால் அணையும் பச்சை விளக்கு

நான் திரும்பப் போட மறந்த ஒரே ஒரு வரியால், கல்வராயன் மலைமேல் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பயணத்தை எழுதுகிறேன். நடுவில் சாப்பாட்டைப் பற்றி நிறைய வரும். என்னைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், தெரியாதவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் மலேசியாவில் ஈப்போ. அலுவலகங்களுக்குக் கணினி வலையமைப்பு போட்டுக் கொடுக்கும் சின்ன நிறுவனத்தில் இருபது வருடமாக வேலை. என் முதலாளியின் தாத்தா ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவக் கப்பலேறி வந்தவர். அந்தப் பாசத்தில் முதலாளி, கள்ளக்குறிச்சியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனைக்கு இரண்டு நெட்வொர்க் சுவிட்சுகளைக் கொடுத்தார். கணினிக் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். ஒன்று கள்ளக்குறிச்சிக்கு, இன்னொன்று மலைமேல் அவர்கள் வைத்திருக்கும் சின்ன மருத்துவமனைக்கு. மலையில் நர்ஸ் உண்டு, டாக்டர் வாரத்தில் ஒருநாள்தான் வருவார். இரண்டு இடத்தையும் இணைத்துவிட்டால் கீழே இருக்கும் டாக்டர் மேலே இருக்கும் நோயாளியைத் தினமும் திரையில் பார்க்கலாம். "பெட்டியை மட்டும் அனுப்பினா சரியா வராது, நீயே போய் மாட்டிக் கொடுத்துட்டு வாம்மா" என்றார் முதலாளி. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதுவரை நான் தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை.

உளுந்தூர்பேட்டையில் சென்னை பேருந்திலிருந்து இறங்கியபோது, சுவிட்சுகள் இருந்த பெட்டியை மட்டும் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். துணிப்பெட்டி பேருந்தின் வயிற்றிலேயே இருந்துவிட்டது. என்னை அழைத்துப் போக வந்திருந்த மருத்துவமனை ஜீப் ஓட்டுநர் சேவியர், களமருதூர்க்காரர், நிதானமாகச் சொன்னார்: "மேடம், உங்க துணிமணி எல்லாம் திருச்சிக்குப் போய்க்கினு இருக்குது." நான் அங்கேயே கத்த ஆரம்பித்தேன். அவர் யாருக்கோ போன் போட்டார், யாரோ இன்னொருவருக்குப் போட்டார்கள், அவர் கண்டக்டரைப் பிடித்தார். "ரெண்டு நாள்ல ரிட்டன் வண்டில வந்துடும். இப்ப சாப்புடுங்க. பசில இருக்கறவங்க கிட்ட பேசக் கூடாதுன்னு என் வூட்டுக்காரி சொல்லும்" என்றார்.

அந்த வூட்டுக்காரியை நான் பார்க்கவில்லை, ஆனால் விவரமானவர். நெடுஞ்சாலையோரக் கடையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு அதன் தலையில் சால்னாவை ஊற்றினார்கள். எங்கள் ஊர் ரொட்டிச் சானாய்க்குப் பருப்புக்குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்து மரியாதையாகத் தொட்டுச் சாப்பிடுவோம். இங்கே மரியாதைக்கெல்லாம் இடமில்லை, ஊற வைத்து அள்ளுவதுதான். மூன்று தின்றேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

அன்று மாலையே கள்ளக்குறிச்சியில் முதல் சுவிட்சை மாட்டிவிட்டேன். மருத்துவமனை நிர்வாகி ஜெயசீலன் சார் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு கம்பியாக எடுத்துக் கொடுத்தார். சீட்டுப் போடுவது, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துக்கடை என்று எல்லாமே அந்தப் பெட்டி வழியாகத்தான். "காலைல எட்டு மணிக்கே நாலு ஊரு ஜனம் வந்து நிக்கும் மேடம். அவங்கள நிக்க வெச்சிடக் கூடாது, அவ்ளோதான்" என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் மலைக்கு. ஊர் எல்லையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. சேவியர் ஹாரன் அடிக்கவே இல்லை. "அவரு இன்னா வேணும்னா மெதுவா போறாரு? கரும்பு ஜாஸ்தி, எஞ்சின் கம்மி." நான் ஈப்போவில் இந்நேரம் காடியின், அதாவது காரின், ஹாரனை உடைத்திருப்பேன். மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. எங்கள் கேமரன் மலையை நினைத்தேன். அங்கே வளைவுக்கு வளைவு ஸ்ட்ராபெரி விற்பார்கள். இங்கே வளைவுக்கு வளைவு சேவியருக்குத் தெரிந்த ஆள் ஒருவர் நின்றார், ஜீப் நின்றது, விசாரிப்பு நடந்தது.

மலை மருத்துவமனை என்பது நான்கு அறை, ஒரு தாழ்வாரம், வாசலில் ஒரு பலாமரம். ஜீப்பிலிருந்து அந்தத் தாழ்வாரத்துக்கு ஓடுவதற்குள் மழை என்னைத் தொப்பலாக நனைத்துவிட்டது. மாற்றுத் துணி திருச்சியில் இருந்தது. உதவியாளராக வேலை பார்க்கும் அலமேலு என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வயதுதான் இருக்கும், மலைக்காரர், பக்கத்திலேயே வீடு. ஓடிப்போய் நீலப் பூப்போட்ட புடவை ஒன்றைக் கொண்டுவந்தார். "கட்டிக்கினு வேல பாருங்க மேடம். ஜொரம் வந்தா உங்களுக்கும் நான்தான் பாக்கணும்."

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் அதுதான் முதல் பேச்சு. அலமேலு விழுந்து விழுந்து சிரித்தார். "பசியாறிட்டியாவா! இன்னா மேடம், கோயில்ல கேக்கற மாதிரி கேக்கறீங்க!" அப்புறம் நர்ஸிடம் போய் அதையே கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார்.

இடி இடித்தது. உடனே அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று போய், தடுப்பூசி வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ், கணினி, விளக்கு, நான் அப்போதுதான் மாட்டிக்கொண்டிருந்த சுவிட்ச் என்று சுவரில் இருந்த அத்தனையையும் பிடுங்கினார். கணினிக் கம்பிகளைக்கூட விடவில்லை. நான் கத்தினேன். அவர் அசரவில்லை. "மேல இடி இடிச்சா புடுங்கிடணும் மேடம். போன தபா புடுங்காம வுட்டு, பழைய பெட்டி கருகிப் போச்சு. ஃபோன் கம்பி வழியாவே வந்துச்சு." மலைமேல் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம் என்றார் நர்ஸ். நான் உதட்டைப் பிதுக்கினேன். மழை விட்டதும் தரையெல்லாம் கம்பிகள் பாம்புகளாகக் கிடந்தன. "இப்படித் தொங்க விடாதீங்க, அலமேலு. எலி கடிக்கும், யாராவது மிதிப்பாங்க. எந்தக் கம்பியும் வெளியே தொங்கக் கூடாது, சரியா?" என்று வாத்தியார் குரலில் சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன்.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் ஈத்தர்நெட் இணைப்பு கொடுத்திருந்தது. கம்பம் கம்பமாகத் தொங்கிக்கொண்டு மலையேறி வரும் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கம்பி. எங்களுக்கு அது நீளமான ஒரே கம்பி. இந்த முனையில் நுழைத்தது அந்த முனையில் அப்படியே வரும், இரண்டு கட்டடமும் ஒரே கட்டடம் போல ஆகிவிடும். நல்லதும் வரும், கெட்டதும் வரும். அதனால் சுவிட்சுக்குள் ஒரு காவல் உண்டு. அனுப்பிய செய்தி சுற்றிக்கொண்டு தன்னிடமே திரும்பினால், எங்கேயோ வளையம் விழுந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, கம்பி செருகியிருக்கும் அந்தத் துளையை மட்டும் அடைத்துவிடும்.

மலைச் சுவிட்சில் ஃபைபர் பெட்டியின் கம்பியைச் செருகினேன். காவல் உடனே அடைத்தது. மறுபடி செருகினேன், மறுபடி அடைத்தது. பசி வேறு. காவலுக்கான ஒரு வரியை அமைப்பிலிருந்தே எடுத்துவிட்டுப் பார்த்தேன். விளக்குகள் எல்லாம் பைத்தியம் பிடித்ததுபோல் மின்ன, கம்பியைப் பிடுங்கிவிட்டு பலாமரத்தடிக்கு ஓடினேன். அங்கேதான் செல்போன் சிக்னல். தொலைத்தொடர்பு நிறுவனத்து ஆள் நிதானமாக, "ஆமா மேடம், லைன் டெஸ்ட் பண்ண நாங்க ஒரு லூப் போட்டிருந்தோம். எடுக்க மறந்துட்டோம்" என்றார். அந்த வளையத்தை எடுத்தார்கள். திரும்பிவந்து செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் கள்ளக்குறிச்சி டாக்டரின் முகம் வந்தது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அலமேலு சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். சூடான சாமைச் சோற்றின் வாசம் வந்ததும் எனக்குக் கணினி கண்ணில் படவில்லை. இருந்த அமைப்பை இருந்தபடியே சேமித்துவிட்டு இலையில் உட்கார்ந்தேன். மறு சோறு, மறு குழம்பு. காவலைத் திரும்பப் போட வேண்டிய அந்த ஒரு வரி போடப்படவே இல்லை. அலமேலுவின் புடவையோடு மலையிறங்கினேன்.

மூன்றாம் நாள் கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் எல்லோருக்கும் பாராட்டு, எனக்கு மாலை நேர போண்டா. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சீட்டுப் போடும் பெண், "மேடம், எல்லாமே நின்னுபோச்சு" என்று ஓடிவந்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை. மருந்துக்கடையில் கூட்டம். இடுப்பில் காய்ச்சல் குழந்தையோடு ஒரு பெண், ஊருக்குக் கடைசி பேருந்து போய்விடும் என்று ஜெயசீலன் சாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். சுவிட்ச் அறைக்கு ஓடினேன். அத்தனை விளக்கும் வெறிபிடித்து மின்னின. மலைக்குப் போகும் கம்பியைப் பிடுங்கினேன். சட்டென்று எல்லாம் அடங்கியது. கோளாறு மேலே.

நர்ஸை போனில் பிடித்தோம். நடந்தது இதுதான்: இடி இடித்தது, அலமேலு எல்லாவற்றையும் பிடுங்கினார், மழை விட்டதும் திரும்பச் செருகினார். கணினிக்குப் போக வேண்டிய கம்பியின் மறுமுனை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சில் ஒரு துளை காலியாக இருந்தது. அதில் செருகிவிட்டார். ஒரே கம்பியின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில். வளையம். அதன் சுழல் ஃபைபர் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கும் வந்துவிட்டது. "மேடம்தான் எதுவும் தொங்கக் கூடாதுன்னு சொன்னாங்க" என்று அலமேலு பின்னால் சொல்வது எனக்குக் கேட்டது. அந்தக் கம்பியை எடுக்கச் சொன்னேன். இணைப்பு திரும்பியது.

ஜெயசீலன் சார் கெட்டவர் இல்லை. ஆனால் அதற்குள் ஜனங்கள் அவரைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். "மேடம் மலேசியாலேர்ந்து வந்து எவ்ளோ அழகா செஞ்சு குடுத்தாங்க. ஒரே நாள்ல கெடுத்துட்டா அந்தப் பொம்பள. நாளைலேர்ந்து வேணாம். சேவியர், காலைல மேல போகக்குள்ள லெட்டர் தரேன், குடுத்துடு" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. காவல் இருந்திருந்தால் அந்த ஒரு துளை மட்டும் அடைபட்டிருக்கும், கீழே ஒருவருக்கும் தெரிந்தேயிருக்காது. அது எனக்கு அந்த நொடியே தெரிந்தது. சொல்லவில்லை. இருபது வருட அனுபவம், மலேசியா மேடம், மாலை நேர போண்டா, எல்லாம் சேர்ந்து என் வாயைப் பொத்தின. அலமேலுவின் நீலப் பூப்போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு, அவர் வேலையை விட்டு எடுக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. என் துணிப்பெட்டி வந்து சேர்ந்திருந்தது. திருச்சி கண்டக்டர் கைப்பிடியில் கயிறு கட்டி, காகிதத்தில் என் பெயரை எழுதி ஒட்டி அனுப்பியிருந்தார். முகம் தெரியாத ஆள் என் துணிக்கு அவ்வளவு அக்கறைப்பட்டிருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் அவமானமாகிவிட்டது.

காலையில் சொல்லிவிட வேண்டும் என்று ஜெயசீலன் சாரின் அறைக்குப் போனேன். அவர் இன்னும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றுதான் இருந்தது. ஜீப்பில் ஏறினேன். கடிதம் சேவியரின் சட்டைப்பையில் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது.

நான்காவது வளைவில் டயர் போனது. சேவியர் ஜாக்கி போட்டு ஏற்ற, நான் சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். அங்கே சொன்னேன். வரிவரியாக, சாமைச் சோறு உட்பட. அவர் நட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார். பிறகு, "இத எங்கிட்ட சொல்லி இன்னாங்க பண்றது? நான் டயர்தான் மாத்துவேன். சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க" என்றார். கோபம் இல்லை அவர் குரலில். அது எனக்குப் பெரிய உபகாரம்.

அலமேலு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார். "மேடம், என்னால கீழ ஆஸ்பத்திரியே நின்னுபோச்சாமே. கொழந்தைங்கள்லாம் காத்துக்கினு இருந்துச்சாமே. நான் இனிமே அந்தப் பெட்டிகிட்ட போவ மாட்டேன் மேடம், என்ன தொடச் சொல்லாதீங்க, ஆனா வேலைய மட்டும் வுட்டு எடுத்துடாதீங்க. ரெண்டு பொண்ணும் இந்த வேலைலதான் படிக்குதுங்க." என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விடாமலே கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

முதலில் அந்த ஒரு வரியைப் போட்டேன். இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு திரையில் கள்ளக்குறிச்சியைக் கூப்பிட்டு, டாக்டரையும் ஜெயசீலன் சாரையும் வரச் சொன்னேன். இருவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"சார், நேத்து நின்னதுக்குக் காரணம் அலமேலு இல்ல. நான். இந்தப் பெட்டியில இருந்த காவலை நான் எடுத்தேன், திரும்பப் போட மறந்துட்டேன். சாப்பாட்டு அவசரத்துல மறந்துட்டேன். கம்பி தொங்கக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான். நேத்தே எனக்குத் தெரியும். சொல்லாம நின்னேன், மன்னிச்சிடுங்க."

ஜெயசீலன் சார் கண்ணாடியைக் கழற்றினார். நான் திரும்பி, "அலமேலு, நேத்து செஞ்ச மாதிரியே இப்ப செய்யுங்க. ரெண்டு முனையும் பெட்டியிலேயே" என்றேன்.

"ஐயோ, மாட்டேன் மேடம்!"

"செய்யுங்க. என் மேல நம்பிக்கை இல்லாட்டி பரவால்ல, பெட்டி மேல நம்பிக்கை வைங்க."

ஒரு முனையைச் செருகினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுமுனையையும் செருகினார். டக்கென்று அந்தத் துளையின் விளக்கு மட்டும் மஞ்சளாக மாறி நின்றது. மற்றதெல்லாம் பச்சை. திரையில் ஜெயசீலன் சார் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "இங்க சீட்டு போட்டுக்கினுதான் இருக்காங்க. ஒண்ணும் நிக்கல." பிறகு கேட்டார்: "சேவியர், லெட்டர குடுத்துட்டியா?"

சேவியர் கதவோரம் நின்று சொன்னார்: "எந்த லெட்டர்ங்க சார்? வழியில டயர் மாத்தக்குள்ள கை பூரா கிரீஸு. தொடைக்கத் துணி இல்ல. பையில ஒரு காயிதம் இருந்துச்சு."

டாக்டர்தான் முதலில் சிரித்தார். அலமேலுவுக்கு எது நடந்தது, எது நடக்கவிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜெயசீலன் சார், "அலமேலு, மன்னிச்சிக்கோம்மா. விசாரிக்காம எழுதிட்டேன்" என்றார். அதைச் சொல்ல எல்லா நிர்வாகிக்கும் வாய் வராது. நான் அவருக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

பழைய பெட்டியையும் அன்றுதான் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் கருகிக் கிடந்தது. பிடுங்கும் வழக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவள் நான். "இனிமேலும் இடி இடிச்சா புடுங்குங்க. உங்களாலதான் இந்தப் பெட்டி தப்பும். ஆனா எது எங்க போகணும்னு அடையாளம் வைக்கணும்" என்றேன். பெட்டியைத் தொட மாட்டேன் என்றவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துவந்தார். துளைக்கு ஒரு சிவப்பு, கம்பியின் முனைக்கு ஒரு சிவப்பு. அடுத்ததற்குப் பச்சை, அதற்கு அடுத்து மெரூன். கணினியின் பின்பக்கத்துக்கும் மறக்காமல் ஒன்று. இருபது வருடத்தில் எத்தனையோ அலுவலகங்களில் எண் அச்சடித்த பட்டைகள் ஒட்டியிருக்கிறேன், இவ்வளவு லட்சணமாக ஒரு சுவிட்சை நான் பார்த்ததில்லை. புடவையைத் துவைத்து மடித்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்கவில்லை. "உங்க ஊருல கட்டிக்குங்க" என்றார்.

ஐந்தாம் நாள் கிளம்ப வேண்டும். சேவியர் ஜீப்பைக் கள்ளக்குறிச்சி மருத்துவமனை வாசலில் நிறுத்திவிட்டார். கடைசியாக ஒருமுறை சுவிட்ச் அறையைப் பார்க்கப் போனேன். மலைப்பக்கம் வானம் கருகருவென்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலைக்குப் போகும் கம்பியின் பச்சை விளக்கு அணைந்தது.

சீட்டுப் போடும் பெண் பதறினார். "மேடம், மலை லைன் போயிடுச்சு!"

"போகட்டும்மா. அலமேலு வேலைக்கு வந்திருக்காங்க" என்றேன்.

பேருந்துக்கு நேரமாகிறது என்று சேவியர் இரண்டு முறை வந்து சொன்னார். அடுத்த வண்டியில் போகிறேன் என்றேன். டாக்டரின் அறையில் இருட்டுத் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஜெயசீலன் சாரும் வந்து உட்கார்ந்தார். அரை மணிக்கும் மேலாகியிருக்கும். சுவிட்ச் அறையிலிருந்து, "பச்சை வந்துடுச்சு!" என்று குரல் கேட்டது. திரையில் முதலில் ஒரு கையும் கம்பியும் தெரிந்தன. பிறகு நனைந்த தலையோடு அலமேலுவின் முகம்.

"மேடம், இன்னும் கெளம்பலியா?" என்றவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "பசியாறிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். ஜெயசீலன் சார் எழுந்து போய் எனக்கு ஒரு பொட்டலம் இட்லி வாங்கி வந்தார்.